பூச்சி மாத்திரைக்குப் பின்னால் ஒரு மலை!

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குப் பழக்கமான விஷயம்தான். பிப்ரவரி மாதம் ஒரு நாள், சாயங்காலம் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, "அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்தாங்க. கடிச்சுத் தின்னச் சொன்னாங்க!" என்று சொல்லும். நீங்களும் "சரி, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விடுவீர்கள்.

ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்ததுண்டா? அந்த மாத்திரையை வருஷத்துக்கு எத்தனை தடவை கொடுக்க வேண்டும், யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? பிள்ளைக்கு மட்டும் ஏன்? பிள்ளையின் அம்மாவுக்கும் பாட்டிக்கும் வயிறு இல்லையா? அங்கே பூச்சி இருக்காதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதைத்தான் 'பொது சுகாதார ஆராய்ச்சி' என்கிறார்கள். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வருகிறதா? பொறுங்கள். இந்த ஆராய்ச்சி குளுகுளு அறையில் நடப்பதில்லை. காலில் செருப்பு தேயத் தேய, மலைப்பாதையில் நடந்து, வீடு வீடாகக் கதவைத் தட்டி நடப்பது. நம்ம ஊரிலேயே, வேலூருக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில் நடந்திருக்கிறது. வாருங்கள், மலையேறிப் பார்த்துவிட்டு வருவோம்.

சாமையும் தேனும் விளைகிற மலை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலைமேல் இருக்கும் முக்கியமான ஊர். சாமை, புளி, பலா, தேன் என்று மலைக்கே உரிய விளைச்சல். காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானியல் ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1986-ல் பெரிய தொலைநோக்கி வைத்த இடம் இந்த மலைதான்.

இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர்கள் என்று கதை சொல்வார்கள்.

நட்சத்திரங்களை எண்ணுகிற இந்த மலையில், வேலூர் சி.எம்.சி.யின் ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றை எண்ணப் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத புழு முட்டைகளை!

முதலில் ஆசாமியைத் தெரிந்து கொள்ளுங்கள்

பூச்சி, புழு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பல ரகம் உண்டு. மண்ணின் மூலம் பரவுகிற குடற்புழுக்களில் முக்கியமானவை மூன்று: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. உலகத்தில் சுமார் 150 கோடிப் பேர் வயிற்றில் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜவ்வாது மலையில் கொடி கட்டிப் பறப்பது கொக்கிப்புழு.

நீளம் என்னவோ ஒரு சென்டிமீட்டர்தான். ஆனால் ஆசாமி சாமானியப்பட்டவன் அல்ல. வாய் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும் என்று காத்திருப்பதில்லை. வெறும் காலோடு ஈர மண்ணில் நடந்தால் போதும், பாதத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு நுழைந்துவிடும். இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1890-களின் கடைசியில் எகிப்து நாட்டின் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தபோது, புழுக்குஞ்சுகள் நிறைந்த தண்ணீர் தவறிப்போய் அவர் கைமேல் சிந்தியது. சிந்திய இடத்தில் அரிப்பு. பிறகு பார்த்தால் அவருடைய மலத்திலேயே முட்டைகள்! தோல் வழியாகப் போகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

உள்ளே போனது ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலில் போய் உட்காரும். அங்கே குடல் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். வருஷக்கணக்கில் குடித்தனம் செய்யும். பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டை மலத்தோடு வெளியே வரும். திறந்த வெளியில், நிழலான ஈர மண்ணில் விழுந்தால், ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த பாதத்துக்குத் தயாராகிவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? நம் பக்கம் அதிகமாக இருக்கும் ரகம், ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். 'பூ, இவ்வளவுதானா?' என்று நினைக்காதீர்கள். 20 புழு இருந்தால் ஒரு வருஷத்தில் இருநூறு மில்லிக்கு மேல். 100 புழு இருந்தால் நாலே மாதத்தில் 350 மில்லி. அதாவது, ரத்ததான முகாமில் ஒருவரிடம் எடுக்கிற அளவு! ரத்ததானம் செய்தவருக்கு பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து, அடுத்த தடவைக்கு மூன்று மாதமாவது போகட்டும் என்கிறார்கள். களை பறிக்கிற மலைக்காட்டுப் பெண்ணுக்கு யார் ஜூஸ் கொடுப்பது?

நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் 53 சதவிகிதம். எல்லாமே புழுவால் அல்ல, சாப்பாட்டில் இரும்புச்சத்து போதாதது பெரிய காரணம். ஆனால் இருக்கிற கொஞ்சத்தையும் திருடுகிறவன் யார், எங்கே எவ்வளவு என்று தெரிந்தால்தானே வைத்தியம் செய்ய முடியும்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சிக்கல் 1: தலையை எண்ணுவது

'மலையில் எத்தனை பேருக்குக் கொக்கிப்புழு இருக்கிறது?' கேள்வி சுலபம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறதே, மலையில் மொத்தம் எத்தனை பேர்?

பட்டணத்தில் தெருப்பெயர், கதவு எண், ரேஷன் கார்டு எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். மலைக் கிராமத்தில் பத்து வீடு ஒரு சரிவில், எட்டு வீடு அடுத்த சரிவில். ஒரே பெயரில் நாலைந்து பேர். பிறந்த தேதி கேட்டால், "அந்த வருஷம் மழை கொட்டுச்சே, அப்பப் பொறந்தவன்" என்ற மாதிரி பதில் வரலாம். அதனால் ஆராய்ச்சியாளர்கள் முதலில் தாங்களே ஒரு மக்கள் கணக்கெடுப்பு நடத்த வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு அட்டை என்று கொடுத்து விட்டுத்தான் வேலையையே ஆரம்பிக்க முடியும்.

அதோடு முடிந்ததா? இல்லை. மலையில் விவசாய வேலை இல்லாத மாதங்களில் வயசுப் பிள்ளைகளும் தம்பதிகளும் கூலி வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள். நீங்கள் போகிற அன்று வீட்டில் இருப்பது பாட்டியும் பேரனும்தான்.

இதனால் என்ன கெட்டுப் போச்சு என்கிறீர்களா? ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கிராமத்தில் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களில் 12 பேருக்குப் புழு. ஆக, ஐந்தில் ஒருவருக்கு, அதாவது 20 சதவிகிதம் என்று எழுதிவிட்டு இறங்கி வந்துவிட்டீர்கள். வெளியூர் போன 40 பேரில் 20 பேருக்குப் புழு இருந்தால்? உண்மையான அளவு 32 சதவிகிதம்! கணக்கில் தப்பில்லை. ஆனால் பதில் தப்பு. மண்ணில் நின்று வேலை செய்கிறவர்தான் புழுவுக்கு அதிகம் ஆளாகிறார். அவரைத்தான் நீங்கள் பார்க்கவே இல்லை!

அதனால்தான் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை, மூன்று தடவை போவார்கள். விடியற்காலையில் போவார்கள், பொழுது சாய்ந்த பிறகு போவார்கள். பணமும் நேரமும் அதிகம் கரைவது இங்கேதான்.

சிக்கல் 2: அந்த டப்பாவும் கடிகாரமும்

ரத்தம் கேட்டால்கூடக் கையை நீட்டிவிடுவார்கள். மலம் கேட்டால்? உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "நாளைக்குக் காலையில இதுல கொஞ்சம் எடுத்து வைங்கம்மா" என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? அதேதான் அங்கேயும்.

"எதுக்கு இதெல்லாம்? எங்களுக்கு ஒண்ணும் நோவு இல்லையே!"

"நோவு இல்லாட்டியும் புழு இருக்கலாம்க்கா. டப்பா மேல உங்க நம்பர் மட்டும்தான் இருக்கும், பேரு இருக்காது."

கூச்சம், சந்தேகம், மாமியார் முன்னால் மருமகள் டப்பாவை வாங்கத் தயங்குவது என்று பல தடைகள். அதனால்தான் பழங்குடிப் பகுதிகளில் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களையும் பெண்களையும் களப்பணிக்கு எடுப்பது முக்கியம். ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசாமல் எந்தக் கதவும் திறக்காது.

டப்பா கைக்கு வந்துவிட்டது. இனிமேல் ஓட்டப்பந்தயம்! மலத்தைச் சோதிக்க உலகம் முழுவதும் பயன்படும் முறைக்கு 'காட்டோ-காட்ஸ்' என்று பெயர். ஜப்பானியர் ஒருவர் 1954-ல் தொடங்கியது, பிரேசில்காரர் ஒருவர் 1972-ல் திருத்தியது. சின்ன ஓட்டையுள்ள அட்டையை வைத்து 41.7 மில்லிகிராம் மலத்தைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து முட்டைகளை எண்ண வேண்டும். வந்த எண்ணை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று தெரியும்.

மற்றப் புழு முட்டைகளுக்கு அவசரமில்லை. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மட்டும் ரொம்ப மெல்லிசு. ஸ்லைடு தயாரித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 'புழு இல்லை' என்று எழுதிவிடுவீர்கள்! எடுத்த மலத்தையும் குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். வளைந்து வளைந்து போகிற மலைப்பாதையில், மழைக்காலத்தில், ஐஸ் பெட்டியோடு வண்டி வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இப்போது மரபணுச் சோதனை வந்திருக்கிறது, சாராயத்தில் பதப்படுத்தி வைத்துப் பிறகு சோதிக்கலாம். ஆனால் செலவு அதிகம். ஏழை நாடுகளில் நோய் 'குறைவாக' இருப்பதாகச் சொல்கிற சில புள்ளிவிவரங்களுக்குப் பின்னால், தாமதமாக வந்த வண்டி ஒன்று இருக்கலாம்!

எண்ணிப் பார்த்ததில் என்ன தெரிந்தது?

இத்தனை சிரமப்பட்டு ஜவ்வாது மலையின் இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் செய்த ஆய்வு ஒன்றின் முடிவு 2013-ல் வெளிவந்தது. பத்துப் பேரில் கிட்டத்தட்ட நாலு பேருக்குக் குடற்புழு. ஏறக்குறைய எல்லாமே கொக்கிப்புழுதான். பெரும்பாலானவர்களுக்கு லேசான தொற்று, அதாவது வயிற்றில் கொஞ்சம் புழுதான். மிகப் பெரும்பாலான வீடுகளில் கழிப்பறை இல்லை.

இதைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. தொற்று அதிகம் இருந்தது சின்னப் பிள்ளைகளிடம் அல்ல, 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம்!

இப்போது நாம் ஆரம்பித்த கேள்விக்குத் திரும்புங்கள். 2015-ல் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியபோது, மாத்திரை 1 முதல் 19 வயது வரைக்கும்தான். உருண்டைப்புழுவுக்கு அது பொருத்தம், அது குழந்தைகளிடம்தான் அதிகம். கொக்கிப்புழு வயதோடு சேர்ந்து கூடுகிற ஜாதி. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அம்மாவை விட்டுவிட்டால், அம்மாவின் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். அதோடு, அம்மாவிடமிருந்து முட்டை மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து பிள்ளையின் பாதத்துக்கு மறுபடியும் வந்துவிடும். ஒரு பக்கம் ஓட்டையை அடைத்துவிட்டு, பெரிய ஓட்டையைத் திறந்து வைத்த மாதிரி! மலையில் நடந்து போய் எண்ணியிருக்காவிட்டால் இது எப்படித் தெரிந்திருக்கும்?

இப்போது தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் இந்த மாத்திரை தரப்படுகிறது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் தவிர. புழு பரவலாக உள்ள இடங்களில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சொன்னது.

சிக்கல் 3: சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது

சரி, எல்லோருக்கும் கொடுப்போம். எத்தனை தடவை? ஒரு வேளை அல்பெண்டசோல் மாத்திரை கொக்கிப்புழு உள்ளவர்களில் நாலில் மூன்று பேரைத்தான் முழுசாகக் குணப்படுத்தும். குணமானவர்களுக்கும் மறுபடி வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012-ல் வெளியான கணக்குப்படி, மாத்திரை கொடுத்த ஆறே மாதத்தில் புழு பழைய அளவில் பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது.

இதைச் சோதிக்க ஜவ்வாது மலையில் 45 கிராமங்களை எடுத்து, குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு தடவை மாத்திரை. இன்னொன்றுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை. மூன்றாவதுக்கு அந்த இரட்டைச் சுற்று மறுபடியும் ஒருமுறை. ஆளுக்கு ஆள் குலுக்காமல் ஏன் ஊருக்கு ஊர் குலுக்கினார்கள்? காரணம், மண் எல்லோருக்கும் பொது. ஒரே ஊரில் எனக்கு மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காவிட்டால், அவருடைய புழு என் காலில் ஏறும். பலன் தெரியாது.

பிறகு 2017-ல் இன்னும் பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. பெயர் 'டீவோர்ம்-3'. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி, இந்தியாவில் நம்ம ஜவ்வாது மலையும் சமவெளியிலுள்ள திமிரியும். இங்கே மட்டும் சுமார் 1,40,000 பேர். 40 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று வருஷம் மாத்திரை. மறுபாதியில் வழக்கம்போலப் பள்ளிக்கூட மாத்திரை. ஆராய்ச்சிக்காக யாருடைய மாத்திரையையும் பிடுங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். புழு பரவுவதையே அடியோடு நிறுத்த முடியுமா என்பதுதான் அதன் கேள்வி.

சிக்கல் 4: 'சரி' என்று சொல்வது யார்?

இதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான சிக்கல். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் நாலு பக்கப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிவிட்டால் அது சம்மதம் ஆகிவிடுமா?

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஒரு திட்டம் நடந்தது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தது தெரியவந்தது. ஏழு சிறுமிகள் இறந்ததால் பெரிய கொந்தளிப்பு. 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தில் குறை இருந்ததை அது மறுக்கவில்லை. 2013-ல் நாடாளுமன்றக் குழுவும் கடுமையாகக் கண்டித்தது.

நஷ்டம் யாருக்கு? தடுப்பூசி நல்லதாக இருந்தும், நம் பெண்களுக்கு அதன்மீது பயம் வந்துவிட்டது. நம்பிக்கை ஒருமுறை உடைந்தால் ஒட்ட வைக்கப் பத்து வருஷம் ஆகும். மலையில் ஒரு ஊரில் உடைந்தால் அடுத்த ஊருக்குச் செய்தி போக ஒரு சந்தை நாள் போதும்!

அதனால்தான் இப்போது விதிகள் இறுகியிருக்கின்றன. மருந்துச் சோதனைகளை மத்திய பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னவருக்கும் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது.

சிக்கல் 5: நினைத்த பதில் வராவிட்டால்?

ஆராய்ச்சி என்றால் நாம் நினைத்ததை நிரூபிப்பது அல்ல. உத்தரப் பிரதேசத்தில் 72 வட்டாரங்களில், சுமார் பத்து லட்சம் சின்னக் குழந்தைகளிடையே ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதி வட்டாரங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். எடை கூடும், இறப்பு குறையும் என்ற எதிர்பார்ப்பு. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. களவேலை 2004-ல் முடிந்தும், முடிவு வெளிவந்தது 2013-ல்! தாமதமான உண்மையும் ஒருவகையில் மறுக்கப்பட்ட உண்மைதான்.

ஒடிசாவில் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் இன்னொரு ஆராய்ச்சி. அரசுத் திட்டத்தில் கழிப்பறை கட்டினால் வயிற்றுப்போக்கும் புழுவும் குறைகிறதா என்று பார்த்தார்கள். கட்டிய கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவிகிதத்திலிருந்து 63 சதவிகிதமாகக் கூடின. புழு குறையவில்லை! 2014-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்துப் பலர் திகைத்தார்கள். கட்டியதில் பலவற்றை யாரும் பயன்படுத்தவில்லை. கட்டாத வீடுகளும் பாக்கி இருந்தன. கழிப்பறை வீணான விஷயம் என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டினால் மட்டும் போதாது, ஊர் முழுக்க, எல்லோரும், எல்லா நாளும் போக வேண்டும் என்று அர்த்தம். தண்ணீர் குடத்தில் சுமந்து வருகிற மலைக் கிராமத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவும் வேண்டுமா?

சிக்கல் 6: செலவுக்குப் பணம் யார் கொடுப்பது?

1990-ல் ஒரு சர்வதேசக் குழு கணக்குப் பார்த்து உலகத்தையே வெட்கப்பட வைத்தது. அகால மரணச் சுமையில் 93 சதவிகிதம் வளரும் நாடுகளில். அந்த நாடுகளின் நோய்களுக்காகச் செலவான ஆராய்ச்சிப் பணமோ உலக மொத்தத்தில் 5 சதவிகிதம்தான்! கொக்கிப்புழு வந்தவர் புது மாத்திரைக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க மாட்டார். அதனால் கம்பெனிகளுக்கு ஆர்வம் குறைவு. அயல்நாட்டு அறக்கட்டளைகள் உதவுகின்றன. ஆனால் பணம் கொடுப்பவர் கேட்கிற கேள்வியும், மலையில் இருப்பவருக்கு வேண்டிய பதிலும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பழைய கதை ஒன்று. 1920-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அன்றைய சென்னை ராஜதானியில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்தது. அப்போதே சொன்னார்கள்: மருந்து மட்டும் போதாது, கழிப்பறை வேண்டும் என்று. நூறு வருஷம் ஆகியும் நாம் அதே மலையில் அதே முட்டையை எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆராய்ச்சிக்குழு வந்து எண்ணிவிட்டுப் போகிறது. தண்ணீர்க் குழாயும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் இருக்கிற நர்ஸும், வீட்டில் உபயோகிக்கிற கழிப்பறையும் பின்னால் வரவில்லை என்றால், எண்ணியதற்கு என்ன பலன்?

உங்கள் வீட்டுக்கு என்ன பாடம்?

'நாங்கள் டவுனில் மொசைக் தரையில் இருக்கிறோம், எங்களுக்கு எதற்கு?' என்று விட்டுவிடாதீர்கள். சொந்த ஊரில் வயல் பார்க்கும் பெற்றோர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, தோட்டக்காரர்... எல்லோரும் உங்கள் வட்டம்தானே?

* பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைத் தடுக்காதீர்கள். நன்றாகக் கடித்துத் தின்னச் சொல்லுங்கள். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பாதி மாத்திரைதான், பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். காய்ச்சலாக இருந்தால் அன்று வேண்டாம்.

* மண்ணில் வேலை செய்கிற பெரியவருக்கு ஓயாத அசதி, மூச்சு வாங்குவது, வெளுத்த கண் இமை, நாக்கு என்று இருந்தால், 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபினையும் மலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்துப் புழுவை விட்டுவிட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு வேறு காரணங்களாலும் ரத்தம் குறையலாம், டாக்டர் பார்க்கட்டும்.

* கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் பூச்சி மாத்திரை சாப்பிடக் கூடாது. பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான்.

* இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாக உறிஞ்சப்படும்.

* தோட்ட வேலைக்குச் செருப்பு கட்டாயம். உங்கள் வயலில் களை பறிக்க வருகிறவர்களுக்குக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள். அது தர்மம் மட்டுமல்ல, உங்கள் மண்ணுக்கும் நல்லது.

கடைசியாக ஒன்று. நாளைக்கு உங்கள் கதவையே ஓர் ஆய்வுக்காரர் தட்டலாம். "வேற வேலை இல்லையா?" என்று முகத்தில் அடித்தாற்போல் சாத்தாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாதீர்கள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இதையெல்லாம் கேளுங்கள்: எந்த நிறுவனம்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? எதற்காக இந்த ஆராய்ச்சி? என்ன எடுப்பீர்கள், என்ன கொடுப்பீர்கள்? கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு? என் பெயர் ரகசியமாக இருக்குமா? நடுவில் விலகிக்கொள்ளலாமா? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா?

நல்ல ஆய்வுக்காரர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பதில் திருப்தியாக இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் டப்பாவையும் வாங்கிக் கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் ஒரு பாட்டி கூச்சத்தை விட்டுக் கொடுத்த டப்பாவினால்தான், எத்தனையோ ஊர்களில் அம்மாக்களுக்கும் மாத்திரை வேண்டும் என்று டாக்டர்கள் பேச முடிந்தது.